கூந்தலோரம் குலையாமல் வெட்டுவது: வாசகர் கேள்வி – பதில்

படத்தின் பின்னணியை மாற்றுவது குறித்துச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைப் பற்றியே பேசுகின்றன. உருவத்தைத் தேர்வு செய்துவிட முடிகிறது, ஆனால் அதன் விளிம்பு சரியாக வருவதில்லை என்பதே அது. ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதையும் விளிம்புக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நெடுங்காலமாக ஃபோட்டோஷாப் சிஎஸ்6 பதிப்பில் வேலை செய்து பழகியவன் நான். அண்மையில் புதிய கணினி வாங்கிப் புதிய பதிப்பை நிறுவினேன். தேர்வு செய்தவுடன் மேல்பட்டையில் தெரியும், விளிம்பைச் சீராக்கும் ‘ரிஃபைன் எட்ஜ்’ பொத்தானைக் காணவில்லை. அதை நீக்கிவிட்டார்களா?
— ஸ்டுடியோ உரிமையாளர், கரூர்

பதில்: நீக்கவில்லை. பெயரும் இருப்பிடமும் மாறியிருக்கின்றன. 2007-இல் சிஎஸ்3 பதிப்போடு வந்த ‘ரிஃபைன் எட்ஜ்’ பெட்டி, 2010-இல் சிஎஸ்5 வந்தபோது ‘ஸ்மார்ட் ரேடியஸ்’, ‘டீகன்டாமினேட் கலர்ஸ்’ ஆகிய வசதிகளைப் பெற்றுத் தலைமுடியைப் பிரிக்கும் அளவுக்கு வலுப்பெற்றது. நீங்கள் சிஎஸ்6-இல் பயன்படுத்தியது அதைத்தான். 2016 ஜூனில் வெளியான சிசி 2015.5 பதிப்பில் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, அதே வேலையைத் தனியொரு பணித்திரையாக விரித்து, ‘செலக்ட் அண்ட் மாஸ்க்’ என்று பெயரிட்டார்கள்.

அந்தப் பணித்திரைக்குள் நுழையப் பல வழிகள் உண்டு. லாஸோ, மேஜிக் வாண்ட், குவிக் செலெக்‌ஷன் போன்ற தேர்வுக் கருவிகளில் ஏதேனும் ஒன்று கையில் இருந்தால் மேல்பட்டையிலேயே ‘செலக்ட் அண்ட் மாஸ்க்’ என்ற பொத்தான் தெரியும். பலரும் தேர்வை முடித்தவுடன் பழக்கதோஷத்தில் மூவ் கருவிக்கு மாறிவிடுகிறார்கள். மாறியதும் அந்தப் பொத்தானும் மறைந்துவிடுவதால், கருவியே இல்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். உங்களுக்கும் இதுவே நேர்ந்திருக்கக்கூடும். எந்தக் கருவி கையில் இருந்தாலும் மேலேயுள்ள ‘செலக்ட்’ மெனுவில் அதே பெயரைக் காணலாம். விண்டோஸில் கண்ட்ரோல், ஆல்ட், ஆர் விசைகளையும், மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், ஆர் விசைகளையும் சேர்த்து அழுத்தினாலும் போதும். லேயருக்கு (ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் பட அடுக்கு) ஏற்கெனவே மாஸ்க் (அந்த அடுக்கின் பகுதிகளைக் காட்டவும் மறைக்கவும் உதவும் மறைப்பு) போட்டிருந்தால், அந்த மாஸ்க்கைச் சொடுக்கிவிட்டு ‘ப்ராபர்ட்டீஸ்’ பலகையிலிருந்தும் நுழையலாம்.

பழைய பெட்டியேதான் வேண்டுமென்றால், முதலில் ஏதேனும் ஒரு தேர்வைச் செய்துகொண்டு, ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ‘செலக்ட்’ மெனுவில் ‘செலக்ட் அண்ட் மாஸ்க்’ என்பதைச் சொடுக்குங்கள். மாற்றத்திற்குப் பிறகு வந்த பல பதிப்புகளிலும் பழைய ‘ரிஃபைன் எட்ஜ்’ இப்படித் திறக்கிறது. முடி வேலைக்கு அதுவே மேல் என்று இன்றும் சொல்லும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். ஆயினும், இனி வரும் வசதிகள் புதிய திரையில்தான் சேரும் என்பதால், நீங்கள் புதியதற்கே பழகிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: ரேடியஸைக் கூட்டினால் மணப்பெண்ணின் தலைமுடி அழகாகப் பிரிகிறது, ஆனால் தோளும் பட்டுப்புடவையின் ஓரமும் அரித்ததுபோல் ஆகிவிடுகின்றன. ரேடியஸைக் குறைத்தால் புடவை சரியாகிறது, முடி கத்தரித்ததுபோல் நிற்கிறது. எந்த அளவை வைப்பது? ஃபெதர், கான்ட்ராஸ்ட், ஷிஃப்ட் எட்ஜ் ஆகியவற்றுக்கும் சரியான எண்களைச் சொல்லுங்கள்.
— திருமண ஆல்பம் வடிவமைப்பவர், தஞ்சாவூர்

பதில்: முடிக்கும் புடவைக்கும் ஒரே அளவு பொருந்தாது. ஏன் பொருந்தாது என்று தெரிந்துகொண்டால் எண்களைத் தேட வேண்டிய தேவையே இருக்காது.

உங்கள் படத்தைப் பெரிதாக்கி, காதோரம் பறக்கும் ஒற்றை முடியைப் பாருங்கள். அந்த முடி பெரும்பாலும் ஒரு பிக்சலைவிட மெல்லியது. ஆகவே அந்தப் பிக்சலில் தெரிவது முடியின் கறுப்பும் அல்ல, பின்னாலிருக்கும் சுவரின் நிறமும் அல்ல. இரண்டும் கலந்த ஒரு நிறம். அதைத் தேர்வுக்கு ‘உள்ளே’ என்றோ ‘வெளியே’ என்றோ சொல்ல முடியாது. முக்கால் பங்கு உள்ளே, கால் பங்கு உள்ளே என்றுதான் சொல்ல முடியும். மாஸ்க்கில் வெள்ளை முழுவதுமாகக் காட்டுகிறது, கறுப்பு முழுவதுமாக மறைக்கிறது, இடைப்பட்ட சாம்பல்கள் அந்தந்தப் பங்குக்குக் காட்டுகின்றன. முடியின் விளிம்பு முழுக்க இந்தச் சாம்பல்களால் ஆனது. புடவைக் கரையின் விளிம்போ ஒன்றிரண்டு பிக்சல் அகலத்திலேயே வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறிவிடுகிறது.

ரேடியஸ் என்பது, தேர்வுக் கோட்டின் இருபுறமும் எவ்வளவு அகலத்துக்கு மென்பொருள் இந்தப் பங்கீட்டைத் தானே கணக்கிடலாம் என்று நீங்கள் கொடுக்கும் அனுமதி. முடிப்பக்கம் 30 பிக்சல் அனுமதி கொடுத்தால், பறக்கும் இழைகளை அது தேடிப் பிடிக்கும். அதே 30 பிக்சலைப் புடவைக்கும் கொடுத்தால், பின்னணியின் நிறத்தை ஒத்த ஜரிகைப் பகுதியையெல்லாம் ‘இதுவும் பின்னணியாக இருக்குமோ’ என்று ஐயுற்று, பாதி ஒளிபுகக்கூடியதாக்கிவிடும். நீங்கள் சொல்லும் அரிப்பு அங்கிருந்துதான் வருகிறது. ‘ஸ்மார்ட் ரேடியஸ்’ இந்த அகலத்தை இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்ள முயலும், ஓரளவுக்கு உதவும், ஆனால் மணப்பெண் படங்களில் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

ஆகவே ரேடியஸைச் சுழியத்திலோ ஒன்றிரண்டு பிக்சலிலோ நிறுத்திவிட்டு, இடப்பக்கக் கருவிப்பட்டையில் இருக்கும் ‘ரிஃபைன் எட்ஜ் பிரஷ்’ஷை எடுத்து, முடியும் பின்னணியும் கலக்கும் இடத்தில் மட்டும் தடவுங்கள். தலையின் உட்பகுதிக்குள் தூரிகை போக வேண்டாம். இழைகளின் நுனி முடியும் இடத்தைச் சற்றே தாண்டிப் போகலாம். தவறிக் காதையோ தோளையோ தொட்டுவிட்டால், ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு அதே இடத்தில் தடவினால் பழைய விளிம்பு திரும்பிவிடும். சதுர அடைப்புக்குறி விசைகளால் தூரிகையின் அளவை மாற்றிக்கொண்டே போகலாம். 2020 அக்டோபருக்குப் பிந்தைய பதிப்பாக இருந்தால், மேல்பட்டையில் ‘ரிஃபைன் ஹேர்’ பொத்தானை முதலில் ஒருமுறை சொடுக்கிப் பார்த்துவிட்டு, விட்டுப்போன இடங்களை மட்டும் தூரிகையால் தொடலாம்.

மற்ற மூன்று அளவுகளைப் பொறுத்தவரை, அவை விளிம்பு முழுவதையும் ஒரே மாதிரியாகப் பாதிப்பவை என்பதை நினைவில் வையுங்கள். ஃபெதர் விளிம்பை மங்கலாக்கும், கான்ட்ராஸ்ட் அந்த மங்கலை இறுக்கும், ஷிஃப்ட் எட்ஜ் கோட்டை உள்ளேயோ வெளியேயோ நகர்த்தும். 6000-க்கு 4000 பிக்சல் கொண்ட கேமராப் படத்தில் கண்ணுக்கே தெரியாத 1 பிக்சல் ஃபெதர், 1000 பிக்சல் அகலமுள்ள வாட்ஸ்அப் படத்தில் பளிச்சென்று தெரியும். எனவே, பிறர் சொல்லும் எண்களைக் குறித்துவைத்துக்கொள்வதில் பயனில்லை.

ஷிஃப்ட் எட்ஜைப் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வரவேற்புப் படத்தில் வெள்ளைக் கீற்று தெரிகிறதென்று ஷிஃப்ட் எட்ஜை மைனஸ் 60 வரை இழுத்தேன். கீற்று மறைந்தது. ஆல்பம் அச்சாகி வந்த பிறகுதான், பெண்ணின் சடையோரம் வைத்திருந்த மல்லிகைச் சரத்தில் வெளிவரிசை மொட்டுகள் பாதிப் பாதியாகக் கரைந்திருப்பதைப் பார்த்தேன். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை மொட்டு. உள்ளே நகர்ந்த விளிம்பு முதலில் அவற்றைத்தான் தின்றது. அந்தப் பக்கங்களைத் திரும்ப அச்சிட்டுக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை, ஒரே படத்துக்கு இரண்டு லேயர்களை வைத்துக்கொள்வதாகும். மேல் லேயரில் உடல், புடவை, நகை, பூ ஆகியவற்றுக்கு இறுக்கமான மாஸ்க். அதற்கு ரேடியஸே கிடையாது, தேவைப்பட்டால் பென் கருவியால் வரைந்துகொள்வேன். அதன் கீழே அதே படத்தின் இன்னொரு நகல், முடிக்காக மட்டும் தளர்த்திய மாஸ்க்குடன் இருக்கும். கீழ் லேயரில் புடவை ஓரம் அரிக்கப்பட்டிருந்தாலும் மேல் லேயர் அதை மூடிவிடும். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் கூடுதலாகும். அட்டைப் படத்துக்கும் பெரிய பிரிண்டுக்கும் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்தே ஆகவேண்டும்.

‘ரிமெம்பர் செட்டிங்ஸ்’ என்ற கட்டத்தை மட்டும் டிக் செய்யாமல் விடுங்கள். டிக் செய்தால், ஒரு படத்துக்கு வைத்த அளவுகள் அடுத்த படத்திலும் சொல்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: ‘செலக்ட் சப்ஜெக்ட்’ என்று ஒரு சொடுக்கில் ஆளைப் பிரித்துக் கொடுக்கும்போது, இத்தனையும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டும். 2018 தொடக்கத்தில் ஃபோட்டோஷாப்பில் சேர்ந்த ‘செலக்ட் சப்ஜெக்ட்’டும், 2019 நவம்பரில் வந்த ‘ஆப்ஜெக்ட் செலெக்‌ஷன்’ கருவியும் எதைத் தேர்வு செய்வது என்ற வேலையை நன்றாகச் செய்கின்றன; நானும் இப்போது லாஸோவில் தொடங்குவதில்லை. இருப்பினும், இடுப்பில் வைத்த கைக்கும் உடலுக்கும் நடுவே தெரியும் பின்னணித் துண்டு, மூக்குக்கண்ணாடியின் கம்பி, தொங்கும் ஜிமிக்கி ஆகிய இடங்களில் அவை அடிக்கடி தவறுகின்றன. தவறியிருக்கிறதா என்று பார்க்கவும், தவறிய இடத்தைத் திருத்தவும் தெரிந்தவருக்குத்தான் ஒரு சொடுக்கு உண்மையில் நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

பார்ப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். ‘செலக்ட் அண்ட் மாஸ்க்’ திரையில் எஃப் விசையை அழுத்தினால் காட்சிமுறைகள் ஒவ்வொன்றாக மாறும். உருவம் எந்தப் பின்னணிக்குப் போகப்போகிறதோ அந்த நிறத்துக்கு நெருக்கமான முறையில் வைத்துப் பாருங்கள்: இருண்ட மேடைக்குப் போவதென்றால் ‘ஆன் பிளாக்’, வெளிர் நிறத்துக்கென்றால் ‘ஆன் வைட்’. புதிய பின்னணியை முன்பே கீழ் லேயரில் வைத்திருந்தால் ‘ஆன் லேயர்ஸ்’ எல்லாவற்றிலும் மேல். அது இறுதிப் படத்தையே காட்டிவிடுகிறது. வெள்ளையில் குறையின்றித் தெரிந்த விளிம்பு கறுப்பில் படுமோசமாக இருப்பது அன்றாடம் நடப்பது.

கேள்வி: விளிம்பைச் சீராக்கிவிட்டு வெளியே வந்தால், ஊர்ந்து ஓடும் புள்ளிக்கோடு முடியின் நடுவிலேயே நிற்கிறது, பறக்கும் இழைகளைச் சுற்றி வரவில்லை. செய்த வேலை பாழாகிவிட்டதா?
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: பாழாகவில்லை. அந்த ஓடும் கோடு, பாதிக்கு மேல் தேர்வான பிக்சல்களை மட்டுமே சுற்றிக் காட்டும். 30 சதவீதமோ 40 சதவீதமோ தேர்வான இழைகள் கோட்டுக்கு வெளியே நின்றாலும் தேர்வில் இருக்கின்றன. எங்குமே 50 சதவீதத்தைத் தாண்டவில்லையென்றால் மென்பொருள் ஓர் எச்சரிக்கையைக் காட்டும், கோடே தெரியாது; அப்போதும் தேர்வு இருக்கிறது. ஐயமிருந்தால் க்யூ விசையை அழுத்துங்கள். குவிக் மாஸ்க் முறையில் சிவப்புப் படலத்தின் அடர்த்தியைப் பார்த்தே எந்த இழை எவ்வளவு பங்கு தேர்வாகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இன்னொரு முறை க்யூ அழுத்தினால் பழைய நிலை வந்துவிடும்.

கேள்வி: பச்சைத் திரைக்கு முன் எடுத்த குழந்தைப் படத்தில் முடியோரம் பச்சையும், வெள்ளைச் சுவருக்கு முன் எடுத்த படங்களில் வெள்ளையும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. எப்படிப் போக்குவது?
— ஒளிப்படக் கலைஞர், திருநெல்வேலி

பதில்: முன்பு சொன்ன கலப்பின் மறுபக்கம் இது. இழையின் பங்கைச் சரியாகக் கணக்கிட்டுவிட்டாலும், அந்தப் பிக்சலுக்குள் கலந்திருக்கும் பழைய சுவரின் நிறம் கூடவே வந்துவிடுகிறது. அதனை நீக்கத்தான் ‘டீகன்டாமினேட் கலர்ஸ்’ இருக்கிறது. அருகிலுள்ள முழுமையாகத் தேர்வான பிக்சல்களின் நிறத்தை எடுத்து விளிம்பில் இருக்கும் நிறத்துக்குப் பதிலாக அது நிரப்புகிறது. படத்தின் நிறத்தையே மாற்றுவதால், இதை டிக் செய்தவுடன் வெறும் தேர்வாகவோ அதே லேயரின் மாஸ்க்காகவோ வெளியே எடுக்க முடியாது. புதிய லேயராகவோ புதிய கோப்பாகவோதான் எடுக்க வேண்டியிருக்கும். ‘நியூ லேயர் வித் லேயர் மாஸ்க்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், மூலப்படம் அடியில் பத்திரமாக இருக்கும், மாஸ்க்கையும் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

சில படங்களில் இது உள்முடியின் நிறத்தைத் திட்டுத்திட்டாகக் கொண்டுவந்து வைத்துவிடும். அப்போது அதை விட்டுவிட்டு, வெட்டிய லேயரின் மேல் ஒரு வெற்று லேயரை வைத்துக் கிளிப்பிங் மாஸ்க்காக (கீழ் லேயரில் உருவம் உள்ள இடத்தில் மட்டும் தெரியும்படி) இணைத்து, அந்த லேயரின் கலப்பு முறையை ‘கலர்’ என்று மாற்றி, முடியிலிருந்தே நிறத்தை எடுத்து மெல்லிய தூரிகையால் விளிம்பில் தடவுங்கள். பச்சைக் கசிவு இதில் முழுவதும் போய்விடும். வெள்ளைக் கசிவு போகாது, ஏனெனில் ‘கலர்’ முறை நிறத்தை மட்டும் மாற்றும், வெளிச்சத்தைத் தொடாது.

வெள்ளைச் சுவருக்கும் கறுத்த முடிக்கும் வேறொரு வழி இருக்கிறது. உருவத்தை வெட்டிய லேயருக்கு அடியில், மூலப்படத்தின் நகல் ஒன்றை ‘மல்டிப்ளை’ முறையில் வைத்து, முடியைச் சுற்றியுள்ள பகுதி மட்டும் தெரியும்படி மாஸ்க் செய்யுங்கள். மல்டிப்ளை முறையில் தூய வெள்ளை மறைந்துவிடும், கறுத்த இழைகள் மட்டும் புதிய பின்னணியில் படியும். சுவர் சற்றுச் சாம்பலாக இருந்தால் லெவல்ஸில் (வெளிச்ச அளவுகளை மாற்றும் பெட்டி) அதனை வெளுக்க வேண்டும். புதிய பின்னணி வானம், மணல், வெளிர் சுவர் போல வெளிச்சமானதாக இருந்தால்தான் இது பலிக்கும்; இருண்ட பின்னணியில் முடி தெரியாமலேயே போய்விடும்.

நீங்கள் படமெடுப்பவராகவும் இருப்பதால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குழந்தையைத் திரையிலிருந்து இயன்ற அளவு முன்னால் நகர்த்தி நிறுத்துங்கள். திரையில் பட்டுத் திரும்பும் பச்சை வெளிச்சம் அவ்வளவுக்குக் குறையும். அங்கே இரண்டு அடி நகர்த்தினால் இங்கே அரை மணி நேரம் மிஞ்சும்.

கேள்வி: மாதச் சந்தா கட்டும் நிலையில் நான் இல்லை. கிம்ப் மென்பொருளில் இந்த வேலைகள் முடியுமா?
— வீட்டிலிருந்தே வடிவமைப்புச் செய்யும் வாசகி, விழுப்புரம்

பதில்: முடியும், கட்டணம் ஏதுமில்லை. கிம்ப்பில் எல்லாவற்றையும் ஒரே திரையில் தேடாதீர்கள். அங்கே இந்த வேலை மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது.

முடிக்கு உரியது ‘ஃபோர்கிரவுண்ட் செலக்ட்’ கருவி. உருவத்தைச் சுற்றி லாஸோ போலத் தாராளமாக ஒரு வளையம் வரைந்து என்டர் அழுத்துங்கள். பிறகு உருவத்துக்கு உரிய நிறங்களின்மேல் எல்லாம் தூரிகையால் கோடிழுங்கள்: முகம், சட்டை, முடியின் உட்பகுதி என எதையும் விடாமல். கருவியின் விருப்பங்களில் முன்புறம், பின்புறம், தெரியாத பகுதி என்று மூன்று வகைத் தூரிகைகள் உண்டு. பறக்கும் முடியைத் ‘தெரியாத பகுதி’ என்று குறிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அங்கே மட்டும் பங்கீட்டைக் கணக்கிடும்படி கிம்ப்பிடம் விட்டுவிடுகிறீர்கள். முன்னோட்டத்தைப் பார்த்துத் திருப்தியானால் மீண்டும் என்டர்.

தேர்வை மங்கலாக்க, சுருக்க, விரிக்க, உள்ளே விழுந்த ஓட்டைகளை அடைக்க ‘செலக்ட்’ மெனுவில் ஃபெதர், ஷ்ரிங்க், க்ரோ, ரிமூவ் ஹோல்ஸ் ஆகியவை இருக்கின்றன. ஷிஃப்ட்டும் க்யூவும் சேர்த்து அழுத்தினால் குவிக் மாஸ்க். கடைசியாக, லேயருக்கு மாஸ்க் சேர்க்கும்போது வரும் பெட்டியில் ‘செலெக்‌ஷன்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், செய்த தேர்வு அப்படியே மாஸ்க்காகிவிடும். பெரிய படங்களில் கணக்கீட்டுக்கு நேரம் பிடிக்கும், பழைய கணினியில் சற்றுப் பொறுமை வேண்டும். வெளிர்நிறச் சுவரின் கசிவுக்கு, குறிப்பிட்ட நிறத்தை ஒளிபுகக்கூடியதாக்கும் ‘கலர் டு ஆல்ஃபா’வையும் முயன்று பாருங்கள், முழுப் படத்திலும் போடாமல் முடியோரத்தை மட்டும் தேர்வு செய்துகொண்டு போடுங்கள்.

கேள்வி: பின்னணியை நீக்கிச் சேமித்த படத்தைத் திரும்பத் திறந்தால் வெள்ளைப் பின்னணி வந்து நிற்கிறது. ஏன்?
— வாசகர், சேலம்

பதில்: ஜேபெக்காகச் சேமித்திருக்கிறீர்கள்; அந்த வகைக் கோப்பில் ஒளிபுகும் பகுதிக்கு இடமில்லை. பிஎன்ஜியாகச் சேமியுங்கள். திருத்த வேண்டியிருக்கும் என்றால் மாஸ்க்குடன் பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்பின் சொந்த வகை) கோப்பையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலமான என் பெற்றோரின் திருமணப் படம் ஒன்றே ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது. கறுப்பு வெள்ளை, மஞ்சளேறிவிட்டது. பின்னணித் திரைச்சீலை கிழிந்து கறைபட்டிருப்பதால் அதை மாற்றச் சொல்கிறார்கள் வீட்டில். அம்மாவின் கூந்தலும் பின்னாலிருக்கும் கருந்திரையும் ஒன்றாகவே தெரிகின்றன. எந்தக் கருவியாலும் பிரிக்க முடியவில்லை.
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: முதலில், படம் கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் ஸ்கேனரை வண்ணத்திலேயே வைத்து, குறைந்தது 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற அளவு) ஸ்கேன் செய்யுங்கள். வண்ணப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்களாகப் பதிவாகிறது. மஞ்சள் கறை நீலச் சேனலில்தான் அழுத்தமாக விழும். சிவப்புச் சேனலில் பெரும்பாலும் மங்கிவிடும். கிரேஸ்கேலில் (கறுப்பு வெள்ளை முறையில்) ஸ்கேன் செய்தால் இந்த வேறுபாடு தொலைந்துபோகும்.

பிறகு சேனல்ஸ் பலகையில் மூன்று சேனல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, கூந்தலுக்கும் திரைக்கும் கடுகளவாவது வேறுபாடு தெரியும் சேனலை நகலெடுங்கள். நகலில்தான் வேலை, மூலச் சேனலைத் தொட்டால் படமே மாறிவிடும். அந்த நகலில் லெவல்ஸைக் கொண்டு வேறுபாட்டைப் பெரிதாக்கி, டாட்ஜ், பர்ன் கருவிகளால் ஒருபக்கத்தை வெளுத்து மறுபக்கத்தைக் கறுத்து, மீதியைத் தூரிகையால் நிரப்பி, கண்ட்ரோல் விசையுடன் சேனலைச் சொடுக்கினால் அது தேர்வாகிவிடும். ‘ரிஃபைன் எட்ஜ்’ வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே முடியைப் பிரிக்கக் கையாண்டுவரும் முறை இது. கருவிகள் கைவிட்ட படங்களில் இன்றும் இதுதான் கைகொடுக்கிறது.

மூன்று சேனல்களிலும் கூந்தலும் திரையும் ஒரே கறுப்பாக இருந்தால், அந்த இடத்தில் எல்லை எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். பதிவாகாத எல்லையை எந்த மென்பொருளாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றை வரைந்து கொடுக்கத்தான் முடியும், அது உங்கள் அம்மாவின் கூந்தலாக இருக்காது. ஆகவே திரையை மாற்றாதீர்கள் என்றே சொல்வேன். கிழிசலையும் கறையையும் மட்டும் ஹீலிங் பிரஷ், க்ளோன் ஸ்டாம்ப் கொண்டு தனி லேயரில் திருத்துங்கள். கூந்தலை ஒட்டிய நாலு விரற்கடை அகலத்தை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு அப்பாலுள்ள திரையை மட்டும் அகன்ற ஃபெதருடன் சற்றே வெளிச்சமாக்கினால், தலையின் வடிவம் தானாக எழுந்து தெரியும். ஸ்கேன் கோப்பின் திருத்தாத பிரதி ஒன்றைத் தனியே வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.